எல்லோரும் போன பிறகும் இருந்தவர்கள்: உகாண்டாவின் சிஸ்டர்கள்

ஆயுதம் ஏந்திய ஆட்கள் சுற்றி நிற்க, அந்தத் தளபதி குனிந்து மண்ணில் ஓர் எண்ணை எழுதினான்: 139. பிடித்து வந்த பள்ளி மாணவிகளின் எண்ணிக்கை அது. அதற்குக் கீழே 109 என்று எழுதி, இத்தனை பேரைத் திருப்பித் தருகிறேன் என்றான். அடுத்து எழுதியது 30. அவர்கள் தனக்கு வேண்டும் என்றான்.

அவன் எதிரில் நின்றவர் ஒரு கன்னியாஸ்திரி. பெயர் ரக்கேலே ஃபஸ்ஸேரா. இத்தாலியில் பிறந்தவர், கொம்போனி சபையைச் சேர்ந்தவர். வடக்கு உகாண்டாவின் அபோகே கிராமத்திலிருந்த செயின்ட் மேரீஸ் பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. 1996 அக்டோபர் 9-ஆம் தேதி நாட்டின் சுதந்திர தினம். அன்று நள்ளிரவு தாண்டி, கிளர்ச்சித் தலைவன் ஜோசப் கோனியின் ‘இறைவனின் எதிர்ப்புப் படை’ பள்ளிக்குள் புகுந்து, விடுதி ஜன்னலைப் பெயர்த்து மாணவிகளை இழுத்துச் சென்றது. பொழுது விடிந்ததும் சிஸ்டர் ரக்கேலே ஓர் ஆசிரியரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அந்தத் தடத்திலேயே நடந்தார். கொள்ளையடித்த மிட்டாய்களின் தாள்கள் வழியெங்கும் சிதறிக் கிடந்தன. சேற்றையும் புதரையும் கடந்து அவர்களை எட்டிப் பிடித்தார். முப்பது பேருக்குப் பதிலாகத் தன்னை வைத்துக்கொள்ளும்படி மண்டியிட்டுக் கெஞ்சினார். அவன் மசியவில்லை. 109 மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அவர் பள்ளிக்குத் திரும்பினார்.

துப்பாக்கி ஏந்திய கூட்டத்தின் பின்னால் வெறுங்கையோடு நடக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அந்த ஒரு பகலை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ஆப்பிரிக்காவில் கத்தோலிக்கத் துறவுப் பெண்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக வேலை செய்துவரும் முறையிலேதான் அது இருக்கிறது. ஊரோடு சேர்ந்து வாழ்வது, ஊருக்கு ஆபத்து வரும்போது இடத்தைக் காலி செய்யாமல் இருப்பது. இதுதான் அந்த முறை.

உலகில் இன்று ஏறத்தாழ ஆறு லட்சம் கத்தோலிக்கக் கன்னியர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த எண்ணிக்கை வேகமாகச் சரிந்துகொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட சிஸ்டர்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த மண்ணிலேயே பிறந்த பெண்கள். ‘ஆப்பிரிக்காவில் தொண்டு செய்யும் வெள்ளைக்கார மதர்’ என்ற பழைய படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர், மடத்து வாசலிலேயே அதைக் கழற்றி வைத்துவிடலாம். கதவைத் திறப்பவர், வார்டை நடத்துபவர், கணக்குப் பார்ப்பவர், சபைத் தலைவி எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள்.

காலை ஏழு என்பது ‘ஒரு மணி’

உகாண்டாவில் ஒரு மடத்தில் சில வாரம் தங்கி வேலை செய்யப் போகிறவர் முதலில் கற்கும் சொற்களில் ஒன்று ‘ஜெபலேகோ’. லுகாண்டா மொழியில், வேலையாக இருப்பவரைப் பார்த்தால் சொல்லும் வணக்கம். நீ செய்யும் வேலைக்கு நன்றி என்பது அதன் பொருள். துணி துவைப்பவர், தோட்டத்தில் மண் கொத்துபவர், வாழைத்தாரைத் தலையில் சுமந்து வருபவர், எவரைக் கடந்தாலும் இதைச் சொல்லாமல் போனால் மரியாதை இல்லை.

நேரக் கணக்கும் வேறு. பூமத்திய ரேகை நாட்டுக்குள்ளேயே ஓடுவதால் ஆண்டு முழுக்கச் சூரியன் கிட்டத்தட்ட ஏழுக்கு உதித்து ஏழுக்கு மறைகிறது. லுகாண்டா பேசுபவர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். காலை ஏழு மணிதான் ‘ஒரு மணி’. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பழைய வழக்கத்தை அறிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அந்த ‘ஒரு மணி’க்கு முன்பே சிஸ்டர்களின் நாளில் பாதி நடந்துவிடும். இருட்டோடு எழுந்து செபம். பிறகு திருப்பலி, மேளம் அதிர, பெண்கள் குலவையிட. அது முடிந்ததும் மக்காச்சோளக் கஞ்சி. பிறகு அவரவர் வேலை. ஒருவர் பள்ளிக்கு, ஒருவர் மருந்தகத்துக்கு, ஒருவர் மாட்டுக் கொட்டகைக்கு. பெரும்பாலான மடங்களில் பசு, பன்றி, கோழி, வாழைத் தோட்டம் எல்லாம் உண்டு. வெளிநாட்டு நன்கொடை வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

விருந்தாளிக்கு உடனே கிடைக்கும் வேலை பெரும்பாலும் சமையலறையில்தான். மடோக்கே செய்ய வேண்டும். பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, வாழையிலைக்குள் பொதிந்து கட்டுகிறார்கள். பானையின் அடியில் இலைத் தண்டுகளைப் பரப்பி, பொதியை அதன்மேல் வைத்து, மூடி, கரி அடுப்பில் மணிக்கணக்கில் அவிக்கிறார்கள். வெந்ததும் பொதியைப் பிரிக்காமலே கையால் அழுத்திப் பிசைந்து மறுபடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். வாழைக்காய்க் கறை விரலில் கருப்பாக ஏறும். தமிழ்நாட்டுச் சமையலறையிலிருந்து வந்தவருக்கு அந்தக் கறை பழக்கமானதுதான். சீவிய தோல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது.

இப்படி ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் பேச்சு வருகிறது. எந்தக் கிணறு எப்போது வெட்டப்பட்டது, எந்த வகுப்புப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஆளில்லை, எந்த வீட்டில் எந்தப் பெண் நிறைமாதம் என்பதெல்லாம் சிஸ்டர்களுக்கு மனப்பாடம்.

‘கெவினா’ என்றால் ஆஸ்பத்திரி

கம்பாலா ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள். அதன் குன்றுகளில் ஒன்று நஸம்பியா. 1903 ஜனவரி 15-ஆம் தேதி, லண்டன் மில்ஹில்லிலிருந்து புறப்பட்ட ஆறு பிரான்சிஸ்கன் சகோதரிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மதர் கெவின் என்று பின்னாளில் ஆப்பிரிக்கா அறிந்த தெரசா கெர்னி. 1875-இல் அயர்லாந்தின் ஆர்க்லோவில் பிறந்தவர். அப்போது வயது 27.

முதல் மருந்தகம் ஒரு மாமரத்தடியில் நடந்தது. விக்டோரியா ஏரிக் கரையோரத்தில் உறக்க நோய் ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டிருந்த காலம் அது. செட்சி ஈ பரப்பும் அந்த நோய் அந்தப் பத்தாண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பிள்ளை பெறும்போது சாகும் தாய்மார்களும் ஏராளம். இங்கேதான் சிஸ்டர்கள் ஒரு சுவரில் முட்டிக்கொண்டார்கள். துறவு வார்த்தைப்பாடு எடுத்த பெண்கள் பிரசவம் பார்க்கக் கூடாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டம்.

மதர் கெவின் வழி தேடினார். துறவி அல்லாத பெண் மருத்துவர் எவலின் கானலி 1919-இல் நஸம்பியாவுக்கு வந்து அவருடன் வேலையில் இறங்கினார். இருவரும் சேர்ந்து உகாண்டாப் பெண்களுக்கு நர்ஸிங்கும் மருத்துவச்சிப் பயிற்சியும் கொடுக்கத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்து சிஸ்டர்களோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்தவர்களின் நீண்ட வரிசையில் அந்த மருத்துவர் முன்னோடி. தடை நீங்கியது 1936 பிப்ரவரியில். கன்னியர்கள் மருத்துவமும் மகப்பேறும் பார்க்கலாம் என்று ரோம் அறிவித்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் மதர் கெவினும் ஒருவர்.

அவர் செய்ததில் மிக ஆழமாக வேர் பிடித்த காரியம் 1923-இல் நடந்தது. எட்டு உகாண்டாப் பெண்களோடு ‘புனித பிரான்சிசின் சிறிய சகோதரிகள்’ சபையை நகோகோஞ்சேருவில் தொடங்கினார். வெள்ளைக் கோழி என்று அர்த்தம் தரும் ஊர்ப் பெயர். இன்று அந்தச் சபை கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் பரவியிருக்கிறது. அதற்கும் முன்பே, 1910-இல், மசாகா அருகே புவாண்டாவில் ‘பன்னபிகிரா’, அதாவது கன்னி மரியாவின் புதல்வியர், என்ற சபை உருவாகியிருந்தது. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கப் பெண்களுக்கென்று எழுந்த முதல் சபைகளில் அது ஒன்று. திருமணமும் பிள்ளையும்தான் ஒரு பெண்ணின் முழு அடையாளம் என்றிருந்த சமூகத்தில், மகள் மடத்தில் சேர்வதைப் பெற்றோர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. மருமகன் வீட்டிலிருந்து வரவேண்டிய பரிசமும் போய்விடும். அதையெல்லாம் மீறி வந்த பெண்கள்தான் இந்தக் கட்டடங்களின் அஸ்திவாரம்.

மதர் கெவின் 1957-இல் அமெரிக்காவில், பாஸ்டன் அருகே இறந்தார். உடல் உகாண்டாவுக்குக் கொண்டுவரப்பட்டு நகோகோஞ்சேருவில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பெயர் உகாண்டாவின் பேச்சுமொழிக்குள்ளேயே போய்விட்டது. ஆஸ்பத்திரி, தரும நிலையம் என்ற பொருளில் ‘கெவினா’ என்று ஒரு சொல் புழங்கலானது.

பதினான்கு நாள் காத்திருப்பு

1936-இல் தடை நீங்கிய மறு ஆண்டே நைஜீரியாவில் ஒரு புதிய சபை பிறந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த மேரி மார்ட்டின், கடும் நோயில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே வார்த்தைப்பாடு எடுத்து ‘மரியாவின் மருத்துவ மறைப்பணியாளர்கள்’ சபையைத் தொடங்கினார். டாக்டர்களும் நர்ஸ்களுமான கன்னியர்களின் சபை அது. உகாண்டாவின் மசாகாவில் உள்ள கிடோவு மருத்துவமனை அவர்கள் கைபட்டு வளர்ந்த இடம்.

கிடோவுக்கு வரும் பெண்களில் பலருக்கு ஒரே துயரம். பிரசவ வலி தொடங்கி இரண்டு நாள், மூன்று நாள் ஆகியும் குழந்தை வெளியே வராது. சிசேரியன் செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரி வெகு தொலைவு. குழந்தையின் தலை இடுப்பெலும்போடு சேர்த்து உள்ளே இருக்கும் சதையை நசுக்கியபடியே இருக்க, அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துவிடுகிறது. சில நாளில் அது உதிர்ந்து ஓட்டை விழுகிறது. பிறகு சிறுநீர் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும். குழந்தையும் பெரும்பாலும் உயிரோடு பிறப்பதில்லை. நாற்றத்துக்கு அஞ்சிக் கணவன் விலகுகிறான். ஊர் ஒதுக்குகிறது. இதுதான் ஃபிஸ்டுலா. சாபம் என்று நம்பி, மருந்து உண்டு என்றே அறியாமல், பத்து இருபது ஆண்டுகள் குடிசை மூலையில் கழித்த பெண்கள் உண்டு.

சிஸ்டர் டாக்டர் மோரா லின்ச் அங்கோலாவில் இருபது ஆண்டு வேலை செய்த பின் 1987-இல் உகாண்டாவுக்கு வந்தார். ஃபிஸ்டுலா அறுவைசிகிச்சையைக் கற்று, ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்குச் செய்தார். 2005-இல் கிடோவில் இதற்கென்றே தனிப் பிரிவு எழுந்தது. 2017-இல் காலமாகும் வரை அவர் உகாண்டாவிலேயே இருந்தார்.

அறுவைசிகிச்சை முடிந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. தைத்த இடம் இழுபடாமல் ஆறுவதற்காகச் சுமார் இரண்டு வாரம் சிறுநீர்க் குழாய் போட்டிருக்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடித் தையல் விட்டுப்போகும். ஆகவே பகலும் இரவும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி நச்சரிக்க வேண்டும். பை நிறைகிறதா, நிறம் தெளிவாக இருக்கிறதா, படுக்கை காய்ந்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியில்தான் வார்டு முழுக்கக் கண்ணாக இருக்கும். காலையில் விரிப்பைத் தொட்டுப் பார்த்து அது உலர்ந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கை திரும்புகிறது. துணையாக வருபவருக்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. கண் அசராமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் அந்த வார்டில் வேலைக்குக் குறைவில்லை.

இரண்டு மாதத்துக்கு வந்தவர்

வடக்கே குலு நகரத்தின் ஓரத்தில் லாச்சோர் மருத்துவமனை. 1959-இல் கொம்போனி சபையினர் சிறிதாகத் தொடங்கியது. 1961-இல் இத்தாலிய மருத்துவர் பியேரோ கோர்த்தி அதைப் பெரிதாக்கும் கனவோடு வந்தார். கூடவே, இரண்டு மாதம் மட்டும் உதவி செய்வதாகச் சொல்லி, மொன்ட்ரியாலைச் சேர்ந்த அறுவைசிகிச்சை மருத்துவர் லூசில் டீஸ்டேல் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே இருவருக்கும் லாச்சோரில் கல்யாணம். இரண்டு மாதம் முப்பத்தைந்து ஆண்டாக நீண்டது.

டாக்டர் லூசில் கத்தி பிடித்தார் என்றால், வார்டுகளையும் நர்ஸிங் பள்ளியையும் தாங்கிப் பிடித்தவர்கள் கொம்போனி சிஸ்டர்களும், குலுவிலேயே உருவான ‘அமலோற்பவ மரியாவின் சிறிய சகோதரிகள்’ சபையினரும். போர்க்காயங்களோடு வந்தவர்களுக்கு அறுவைசிகிச்சை செய்தபோது டாக்டர் லூசிலுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1996-இல் இறந்தார். லாச்சோர் வளாகத்திலேயே அடக்கம்.

1989 புனித வெள்ளியன்று கிளர்ச்சியாளர்கள் லாச்சோருக்குள் புகுந்து சிஸ்டர்களைக் கடத்திப்போகப் பார்த்தார்கள். அங்கே வேலை செய்துவந்த அச்சோலி இன மருத்துவர் மாத்யூ லுக்வியா, அவர்களை விட்டுவிட்டு என்னைக் கொண்டுபோங்கள் என்று முன்னால் வந்து நின்றார். டாக்டர் கோட்டோடு ஒரு வாரம் காட்டில் அலைக்கழிக்கப்பட்டுத் திரும்பினார். பதினோரு ஆண்டு கழித்து, 2000 அக்டோபரில், குலுவில் எபோலா வெடித்தது. 425 பேருக்கு நோய்; 224 பேர் சாவு. கம்பாலாவில் படித்துக்கொண்டிருந்த டாக்டர் மாத்யூ தகவல் கிடைத்ததும் ஓடிவந்து தனி வார்டு அமைத்தார். நர்ஸ்களும் சிஸ்டர்களும் அந்த வார்டில் வேலை செய்யத் தாமாக முன்வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பலர் மாண்டார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி டாக்டர் மாத்யூவும் போனார். டாக்டர் லூசிலின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.

இன்று லாச்சோருக்குப் போகிறவர், நோயாளிகளின் உறவினர்கள் வளாகத்திலேயே தங்கி, கரி அடுப்பு மூட்டி, மஞ்சள் கேனில் தண்ணீர் பிடித்துச் சமைப்பதைப் பார்ப்பார். போர்க்காலத்தில் அதே வளாகத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ராத்திரி வந்து படுத்திருந்தார்கள். கோனியின் ஆட்கள் தூங்கும்போது தூக்கிப்போய்விடுவார்கள் என்ற பயத்தில், கிராமங்களிலிருந்து பொழுது சாயும்போது போர்வையைச் சுருட்டிக்கொண்டு நகரத்துக்கு நடந்து வருவார்கள். விடிந்ததும் திரும்பிப்போவார்கள். உச்சக்கட்டத்தில் வடக்கு உகாண்டாவில் இப்படி நடந்த பிள்ளைகள் பல்லாயிரம்.

கேன் வளையமும் கொக்கி ஊசியும்

கடத்தப்பட்ட பெண் பிள்ளைகள் திரும்பி வந்தபோது என்ன நடந்தது? வயது பதினேழு, பதினெட்டு. இடுப்பில், தளபதி ஒருவனுக்குப் பெற்ற குழந்தை. சொந்தக் கிராமத்தையே கொள்ளையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். ஊர் அவர்களைப் பார்த்துப் பயந்தது. பள்ளி சேர்க்கத் தயங்கியது.

குலுவில் பள்ளிப்படிப்பை விட்ட பெண்களுக்காக எண்பதுகளில் தொடங்கிய செயின்ட் மோனிகா தையல் பயிற்சி மையம், போரில் கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தது. 2000-களின் தொடக்கத்தில் அதன் பொறுப்பை ஏற்றார் சிஸ்டர் ரோஸ்மேரி நியிரும்பே. 1956-இல் உகாண்டாவின் பைதாவில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே இயேசுவின் திருஇருதயச் சகோதரிகள் சபையில் சேர்ந்தவர். மருத்துவச்சிப் பயிற்சி பெற்றவர். உள்ளூர் வானொலியில் அறிவிக்கச் சொன்னார்: காட்டிலிருந்து திரும்பிய பெண்கள், கர்ப்பிணிகளானாலும் கையில் குழந்தை இருந்தாலும் வரலாம். வந்தார்கள். நூற்றுக்கணக்கில் வந்தார்கள்.

குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் கேட்பது? மையத்துக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் வந்தது. அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்க, பிள்ளை பக்கத்துக் கட்டடத்தில் விளையாடும். சமையல் கற்ற பெண்கள் கேட்டரிங் வேலைக்குப் போனார்கள். இன்னொரு கைத்தொழில் உலகச் சந்தைக்கே போனது. குளிர்பான கேனைத் திறக்க இழுக்கும் அந்தச் சின்ன அலுமினிய வளையத்தில் பை பின்னுவது.

அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு துளை. கொக்கி ஊசியால் நூலை முதல் துளையில் இழுத்து முடிச்சிட்டு, அடுத்த வளையத்தை அதன்மேல் பாதி மூடும்படி வைத்து, மறுபடி இழுத்து முடிச்சு. வளையத்தின் ஓரம் கூர்மையாக இருந்தால் விரலைக் கிழிக்கும். நூலை அறுக்கும். முதலில் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக் கழிக்க வேண்டும். கழுவிக் காயவைக்க வேண்டும். வரிசை வரிசையாக மீன் செதில்போல் ஏறிவருகிறது பை. குப்பையில் எறிவதைக் கொண்டு இவ்வளவு அழகான பொருள் செய்ய முடிகிறது என்பதைச் சிஸ்டர் ரோஸ்மேரி அந்தப் பெண்களிடம் திரும்பத் திரும்பக் காட்டினார். எதற்காகக் காட்டினார் என்று அவர்களுக்குப் புரிந்தது.

2007-இல் சி.என்.என். நாயகர்களில் ஒருவராகவும், 2014-இல் டைம் இதழின் நூறு பேரில் ஒருவராகவும் அவர் தேர்வானார். 1995-இல் கோனியின் ஆட்கள் படுகொலை நடத்திய அத்தியாக் ஊரில் இன்னொரு மையத்தைத் தொடங்கினார். பிளாஸ்டிக் பாட்டில்களில் மண் நிரப்பிச் செங்கல்போல் அடுக்கி அங்கே வீடுகள் கட்டினார்கள்.

சைக்கிளில் ஒரு சிஸ்டர்

கோனியின் படை 2005 வாக்கில் எல்லை தாண்டிக் கொங்கோ காடுகளுக்குள் போனது. பின்னாலேயே அதே கண்ணீரும் போனது. டுங்கு நகரத்தில் அதை எதிர்கொண்டவர் அகஸ்டினியன் சபையைச் சேர்ந்த கொங்கோ நாட்டுச் சிஸ்டர் ஆஞ்சலிக் நமைகா. 2009-இல் வன்முறைக்குத் தப்பி அவரே அகதியாக ஓடியவர். திரும்பி வந்து, கரடுமுரடான மண் பாதையில் சைக்கிள் மிதித்து ஒவ்வொரு பெண்ணாகத் தேடிப் போனார். எழுதப்படிக்க, தைக்க, ரொட்டி சுடக் கற்றுத்தந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவர் கையால் நிமிர்ந்தார்கள். 2013-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் நான்சென் விருதை அவருக்குக் கொடுத்தது.

குலுவிலும் டுங்குவிலும் ஒரே தையல் மெஷின், ஒரே ரொட்டி அடுப்பு. கையில் ஒரு தொழிலும் பையில் சொந்தக் காசும் வந்துவிட்டால் ஊர் ஒரு பெண்ணை வேறு கண்ணால் பார்க்கிறது என்பது அனுபவத்தில் கண்டது.

ஊட்டியும் முளகுமூடும்

தமிழ்நாட்டுக்கு இதில் நேரான தொடர்பு உண்டு. இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வேலை செய்யும் ‘மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர்கள்’, சுருக்கமாக எஃப்.எம்.எம்., 1877-இல் உதகமண்டலத்தில் பிறந்த சபை. மதுரை மறைப்பணியில் இருந்து பிரிந்து மலையேறிய பிரெஞ்சுச் சகோதரி மேரி ஆஃப் த பேஷன் அதை நிறுவினார்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் முளகுமூட்டில் 1897-இல் வந்திறங்கிய பெல்ஜியத்துச் சகோதரி மரி லூயிஸ் டி மீஸ்டர் இன்னொரு சபைக்கு வித்திட்டார். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு பூத்தையலும் லேஸ் பின்னலும் கற்றுத்தந்தார்கள். ஐ.சி.எம். எனப்படும் அந்தச் சபை பிறகு கொங்கோவுக்கும் போனது. இன்று திசை மாறியிருக்கிறது. முன்பு ஐரோப்பா அனுப்பியது. இப்போது இந்திய சிஸ்டர்கள் ஆப்பிரிக்காவிலும், ஆப்பிரிக்க சிஸ்டர்கள் ஐரோப்பாவின் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிறார்கள்.

கூட நிற்க வருபவருக்கு

வெளியிலிருந்து சில மாதமோ சில ஆண்டோ வேலை செய்யப் போகும் வழக்கம் பழையது. உகாண்டாவில் ஆசிரியையாக இருந்துவிட்டுத் திரும்பிய ஆங்கிலேயப் பெண் எட்வினா கேட்லி, 1969-இல் ‘தன்னார்வ மறைப்பணி இயக்கம்’ தொடங்கினார். துறவியாகாத சாதாரணப் பெண்களும் ஆண்களும் ஆப்பிரிக்காவில் போய் வேலை செய்ய அது வழி திறந்தது.

போகிறவர் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பள்ளியையும் வார்டையும் நடத்தும் சிஸ்டர் அந்த வேலையில் இருபது முப்பது ஆண்டு ஊறியவர். அவர் என்ன செய்யச் சொல்கிறாரோ அதைச் செய்வதே முதல் உதவி. கணினி தெரிந்தவர் கணக்கு வழக்கைக் கணினியில் ஏற்றித் தரலாம். நர்ஸ் இரவு முறை பார்க்கலாம். ஒன்றுமே தெரியாதவர் பீன்ஸில் கல் பொறுக்கலாம், காஸ் துணியை அளந்து வெட்டி மடிக்கலாம். ஊர்க்காரர் செய்து கூலி வாங்கக்கூடிய வேலையை விருந்தாளி பறித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவது பெரிய தவறு. காட்டிலிருந்து மீண்ட பெண்ணிடம் கதை சொல்லச் சொல்லிக் கேட்காமலே, பக்கத்தில் உட்கார்ந்து வளையம் கோக்கலாம்.

சிஸ்டர்களுக்கும் குறைகள் உண்டு. பல சபைகளில் இளம் சகோதரிகளை மேல்படிப்புக்கு அனுப்பப் பணமில்லை. பள்ளி நடத்துபவரிடமே பட்டம் இல்லாத நிலை இருந்தது. அதைச் சரிசெய்யவே 1999-இல் ஆப்பிரிக்கச் சகோதரிகளின் கல்விக்கான கூட்டமைப்பு உருவாகி, ஆயிரக்கணக்கான சிஸ்டர்கள் படிக்க உதவியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மடத்து உணவு மேசையில் சோலார் விளக்கைச் சுற்றி, பகலெல்லாம் உழைத்த சிஸ்டர்கள் பாடப் புத்தகம் விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவருக்கு, பீன்ஸில் கல் பொறுக்கியது அவ்வளவு பெரிய சேவையாகத் தோன்றாது.

அபோகே பள்ளி இன்றும் நடக்கிறது. மண்ணில் எழுதப்பட்ட அந்த 30 பேரில் சிலர் காட்டிலேயே இறந்தார்கள். மற்றவர்கள் ஒருவர் இருவராகப் பல ஆண்டுகளில் தப்பி வந்தார்கள். கடைசிப் பெண் 2009-இல் கொங்கோவிலிருந்து திரும்பினார். கடத்தப்பட்டு 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. கையில் ஒரு குழந்தை இருந்தது.